எல்லைச் சாவடி வரிசை ஏன் குறைவதில்லை? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நாடுகளுக்கிடையே சாலை வழியாக நடக்கும் போக்குவரத்தைப் பற்றி நாம் பேசிய பகுதியைப் பார்த்துவிட்டு, நேயர் ஒருவர் இரண்டு கூறுகள் கொண்ட ஒரு சந்தேகத்தை அனுப்பியிருக்கிறார். "எல்லைச் சாலைகளில் கேமரா வைக்கிறார்கள், சென்சார் பதிக்கிறார்கள், கைப்பேசிச் செயலி கொடுக்கிறார்கள், மின்னணுத் தகவல் பலகையும் நிறுத்துகிறார்கள். இவ்வளவு செய்த பிறகும் விடுமுறை நாட்களில் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கிறதே, அப்படியானால் அறிவார்ந்த போக்குவரத்து அமைப்பு என்பது வெறும் அலங்காரமா? தவிர, என் வண்டியைப் பற்றித் திரட்டப்படும் விவரங்கள் எங்கே போகின்றன?" என்று கேட்டிருக்கிறார். முதல் கூறுக்குச் சற்று விரிவாகவும், இரண்டாவதற்குச் சுருக்கமாகவும் விடை சொல்கிறேன்.

அலங்காரம் இல்லை. ஆனால் எதைக் குறைக்க வேண்டும் என்று தெரியாமல் வைத்தால் அலங்காரமாகவே முடிந்துவிடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. நகரச் சாலையில் நெரிசல் ஏற்படுவதற்கும் எல்லையில் வரிசை நிற்பதற்கும் காரணங்கள் வேறு. நன்றாக அமைந்த ஒரு சாலைத் தடத்தில், தடையேதும் இல்லாதபோது மணிக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 வண்டிகள் வரை போக முடியும். அந்தச் சாலை ஒரு சோதனைச் சாவடியில் போய் முடியும்போது, அங்கே ஒவ்வொரு வண்டியும் நின்று, ஆவணங்களைக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லி, பிறகுதான் நகர்கிறது. புனலின் அகன்ற வாயில் எவ்வளவு ஊற்றினாலும் கீழ்த்துளை விடுகிற அளவுக்குத்தான் இறங்கும். ஆகவே எல்லை வரிசையின் நீளத்தை முடிவு செய்வது சாலையைக் காட்டிலும் கவுண்டர்தான்.

இதை ஒரு சிறு கணக்காகப் பார்த்துவிடலாம். எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சாவடியில் ஐந்து கவுண்டர்கள் திறந்திருக்கின்றன என்றும், ஒரு காரைச் சோதித்து அனுப்ப 45 வினாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கவுண்டரில் மணிக்கு 80 கார்கள் கடக்கும். ஐந்தும் சேர்ந்தால் 400. விடுமுறை நாளன்று மணிக்கு 600 கார்கள் வருகின்றன என்றால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 200 கார்கள் தேங்கும். மூன்று மணி நேரத்தின் முடிவில் 600 கார்கள் வரிசையில் நிற்கும்; அப்போது கடைசியாக வந்து சேர்பவர் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இப்போது கவுண்டரில் ஆகும் நேரத்தை 45 வினாடியிலிருந்து 40 ஆகக் குறைத்துப் பாருங்கள். ஐந்து கவுண்டர்களும் மணிக்கு 450 கார்களை அனுப்பும். மூன்று மணி நேரத்தில் தேங்குவது 450 கார்களாகக் குறைந்து, கடைசியில் வருபவரின் காத்திருப்பு ஒரு மணி நேரமாகிவிடும். ஒரு காருக்கு ஐந்தே வினாடி மிச்சம் பிடித்ததில், வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அரை மணி நேரம் மிச்சமாகிறது. எல்லைத் திட்டம் எதைப் பார்த்தாலும், அது கவுண்டரில் எத்தனை வினாடியைக் குறைக்கிறது என்று நான் முதலில் தேடுவது இந்தக் கணக்கினால்தான்.

நடைமுறையில் இதற்கு நல்ல சான்று சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகள். 2024 மார்ச் 19 முதல், காரில் செல்வோர் கடப்பிதழைக் காட்டுவதற்குப் பதிலாகக் கைப்பேசியில் முன்கூட்டியே உருவாக்கிய கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம் என்று அந்நாட்டின் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் வழி செய்தது. ஒரு காரில் இருக்கும் பத்துப் பேர் வரை ஒரே குறியீட்டில் சேர்த்துவிட முடியும். நான்கு பேர் இருக்கும் காருக்கு ஏறத்தாழ 20 வினாடியும், பத்துப் பேர் இருந்தால் ஏறத்தாழ ஒரு நிமிடமும் மிச்சமாகும் என்றும், பெரும்பாலான கார்ப் பயணிகள் இம்முறைக்கு மாறினால் காத்திருக்கும் நேரம் 30 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்றும் ஆணையம் மதிப்பிட்டது. சாலையில் எதையும் தோண்டாமல், தடம் ஒன்றைக்கூடக் கூட்டாமல் கிடைக்கிற பலன் இது. முன்பு ஓட்டுநர் எல்லாருடைய கடப்பிதழ்களையும் வாங்கி அதிகாரியிடம் நீட்ட, அவர் ஒவ்வொன்றாகப் பக்கம் திருப்பி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுத் திருப்பித் தருவார். பக்கம் திருப்பும் அந்த வேலைதான் இங்கே குறைந்திருக்கிறது. முகத்தைப் பார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது.

அப்படியென்றால் சாலையோரத்தில் வைக்கும் கருவிகளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். முதல் வேலை அளப்பது. ஒரு சாவடியில் இப்போது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எளிய கேள்வியைப் போலத் தோன்றும். இத்துறையில் இருப்பவர்களை மிகவும் அலைக்கழிப்பதும் அதுதான். அமெரிக்க எல்லைச் சாவடிகளில் பல காலம், வரிசையின் வால் எந்த அடையாளம் வரை நீண்டிருக்கிறது என்று அதிகாரிகள் கண்ணால் பார்த்தோ, கவுண்டருக்கு வந்த ஓட்டுநரிடம் எப்போது வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டோதான் காத்திருப்பு நேரத்தை அறிவித்தார்கள். வளைவுக்கு அப்பால் வரிசை போய்விட்டால் கண்ணுக்கு எட்டாது; ஓட்டுநர் சொல்லும் நேரமோ அவருடைய எரிச்சலைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும்.

கருவியால் அளப்பதற்குச் சில வழிகள் உண்டு. சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் பதித்து, வரிசைக்குள் நுழையும் வண்டிகளையும் சாவடியைக் கடந்து வெளியேறும் வண்டிகளையும் எண்ணி, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை வரிசையின் நீளமாகக் கொள்வது ஒன்று. கேட்க நன்றாக இருக்கும் இந்த முறையில், ஒரு வண்டி தவறவிடப்பட்டாலோ, தடம் மாறும் கார் இரண்டு முறை எண்ணப்பட்டாலோ அந்தப் பிழை அழியாமல் அடுத்தடுத்துக் கூடிக்கொண்டே போகும். காலையில் சரியாக இருந்த கணக்கு, மாலையில் ஆளில்லாத சாலையில் முப்பது நாற்பது வண்டிகள் நிற்பதாகச் சொல்லும். சில நேரம் எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழேகூடப் போய்விடும். அதனால் வரிசை காலியாகிற நேரம் பார்த்துக் கணக்கைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்னொரு வழி, அதே வண்டியை இரண்டு இடங்களில் அடையாளம் காண்பது. டெக்சாசுக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலான எல்லைப் பாலங்கள் சிலவற்றில், லாரிகளின் கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கும், ரேடியோ அலையால் தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையை வரிசையின் தொடக்கத்தில் ஒருமுறையும் வெளியேறும் இடத்தில் மறுமுறையும் படித்து, இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். கார்களில் அப்படிப் பொதுவான வில்லை இருப்பதில்லை என்பதால், கைப்பேசியும் காரின் ஒலிபெருக்கி அமைப்பும் வெளிவிடும் புளூடூத் அடையாளத்தைப் பிடிக்கும் கருவிகள் பல இடங்களில் வந்தன. வழியில் எரிபொருள் போட நின்றவர், வரியில்லாக் கடைக்குள் நுழைந்தவர் ஆகியோருடைய நேரமெல்லாம் காத்திருப்பு நேரமாகப் பதிந்துவிடாமல் வடிகட்டத் தனியே கணக்குமுறை வேண்டும். மேலும், புதிய கைப்பேசிகள் தங்கள் அடையாளத்தை அடிக்கடி மாற்றிக்கொள்வதால், இரண்டு இடங்களிலும் பொருந்துகிற வண்டிகளின் விகிதம் குறைந்துவருகிறது. தனியுரிமைக்கு நல்லது, அளப்பவருக்குத் தலைவலி.

இவை எல்லாம் சரியாக வேலை செய்தாலும் ஒரு நுணுக்கம் மிஞ்சுகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இப்போது பத்து மணிக்கு சாவடியைக் கடந்து வெளியேறுகிற கார் எட்டரை மணிக்கு வரிசையில் சேர்ந்தது என்றால், பலகையில் 90 நிமிடம் என்று காட்டப்படும். அந்த 90 நிமிடம் எட்டரை மணிக்கு வந்தவரின் அனுபவம். பத்து மணிக்கு வருபவருக்கு அது பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரிசை வளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பலகை குறைத்துச் சொல்லும். வரிசை கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் கூட்டிச் சொல்லும். இதைச் சரிசெய்ய, இப்போது வரிசையில் எத்தனை வண்டிகள் இருக்கின்றன, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை கவுண்டர்கள் திறந்திருக்கும் என்ற இரண்டு விவரங்களும் தேவை. முதல் விவரம் சாலைத்துறையிடம் இருக்கிறது. இரண்டாவது குடிநுழைவுத்துறையின் பணிநேரப் பட்டியலில் இருக்கிறது. பாதுகாப்புக் காரணம் சொல்லி அதை அவர்கள் பெரும்பாலும் வெளியே கொடுக்க விரும்புவதில்லை. ஒரே நாட்டின் இரண்டு துறைகளுக்கிடையிலேயே இப்படி என்றால், இரண்டு நாடுகள் சேரும்போது எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அளந்ததை மக்களுக்குச் சொல்வதிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் இடையே பீஸ் ஆர்ச், பசிபிக் ஹைவே என்று இரண்டு கடப்பிடங்கள் மிக அருகருகே இருக்கின்றன. அவற்றுக்குச் செல்லும் சாலைகளில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் ஆகும் என்று பலகைகள் காட்டுகின்றன. ஒன்றில் கூட்டமும் மற்றதில் காலியிடமும் இருக்கும் நாட்களில் இது கைமேல் பலன் தரும். ஆனால் பொதுவாக இப்படிப்பட்ட அமைப்புகளில், ஒரு வழியில் 20 நிமிடம், மற்றதில் 50 நிமிடம் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொன்னால், எல்லாரும் குறைந்த பக்கம் திரும்புவார்கள். சற்று நேரத்தில் கூட்டம் இடம் மாறும், பலகையும் மாறும், அடுத்து வருகிறவர்கள் மறுபக்கம் திரும்புவார்கள். எண்ணை அடிக்கடி புதுப்பிப்பதும், வேறுபாடு சிறிதாக இருக்கும்போது பரிந்துரை எதுவும் செய்யாமல் விடுவதும் இந்த ஊசலாட்டத்தைத் தணிக்கும்.

இரண்டாவது வேலைதான் என் கருத்தில் மிகப் பயனுள்ளது: வரிசையைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்துவது. எஸ்டோனியா 2011-இல் ரஷ்ய எல்லையை ஒட்டிய நார்வா, கோய்டுலா, லூகாமா கடப்பிடங்களில் முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. எல்லையைக் கடக்க விரும்புவோர் இணையத்திலோ தொலைபேசியிலோ நேரம் குறித்துக்கொள்ளலாம். குறிக்காமல் வருவோர் காத்திருப்பு வளாகத்தில் நடப்பு வரிசையில் பதிந்துகொள்ளலாம். லாரிகள் சாலையோரத்தில் பம்பரோடு பம்பர் முட்டிக்கொண்டு, சில மீட்டர் நகர்வதற்காக இரவெல்லாம் என்ஜினை ஓட விட்டுக்கொண்டிருந்த நிலைக்குப் பதிலாக, விளக்கும் கழிப்பறையும் உள்ள வளாகத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் உறங்கலாம். முறை வரும்போது அவருடைய வண்டி எண் அழைக்கப்படும், வளாகத்தின் வாயிலில் எண் சரிபார்க்கப்பட்டு நேரே சாவடிக்குப் போவார். உக்ரைனும் 2022 முதல் சரக்கு லாரிகளுக்கு இதே போன்ற மின்னணு வரிசையை நடைமுறைப்படுத்திவருகிறது. ஹாங்காங் கார்கள் ஹாங்காங்–சூஹாய்–மக்காவ் பாலத்தின் வழியாகச் சீனாவின் குவாங்டொங் மாகாணத்துக்குச் செல்ல 2023 ஜூலையில் தொடங்கிய திட்டத்திலும் முன்பதிவு கட்டாயம்.

முன்பதிவால் கவுண்டரின் வேகம் கூடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். மொத்தக் காத்திருப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆனால் அது வீட்டிலோ கிடங்கிலோ வளாகத்திலோ கழியும். சாலையில் நெரிசல் இல்லை, புகை இல்லை, வரிசையின் வாலில் வேகமாக வந்து மோதும் விபத்துகள் இல்லை, முண்டியடித்து நடுவில் புகுவதும் இடத்தை விலைக்கு விற்பதும் இல்லை. இந்தக் கடைசிப் பயனை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நாட்கணக்கில் வரிசை நிற்கும் எல்லைகளில், வரிசையில் முன்னே செல்ல யாருக்கோ பணம் கொடுக்க வேண்டியிருப்பதுதான் ஓட்டுநர்களின் முதல் முறையீடாக இருக்கும். அழைப்பு கணினியிலிருந்து வந்து, வாயிலில் கேமரா எண்ணைச் சரிபார்த்தால், இடைத்தரகருக்கு இடம் சுருங்கிவிடும். அதேபோல், பதிவு செய்துவிட்டு வராதவர்களின் இடத்தை உடனே அடுத்தவருக்குக் கொடுக்க விதி வேண்டும். இல்லாவிட்டால் கவுண்டர் சும்மா இருக்க, வளாகம் நிறைந்து கிடக்கும். ஒரு குறிப்பையும் சேர்த்துவிடுகிறேன்: நார்வாவில் 2024 பிப்ரவரி முதல் வண்டிகள் கடப்பது நின்று, நடந்து செல்வோர் மட்டுமே கடக்கிறார்கள். வரிசை மேலாண்மையில் முன்னோடியாக இருந்த இடம் அது. மறுபக்கம் கதவை மூடினால் எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது.

மூன்றாவது, ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்களைத் தனியே பிரித்து அனுப்புவது. அமெரிக்க–கனடா எல்லையில் நெக்சஸ், அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் சென்ட்ரி, சரக்கு லாரிகளுக்கு ஃபாஸ்ட் என்ற திட்டங்களில், பின்னணி ஆய்வு முடிந்த பயணிகளும் ஓட்டுநர்களும் தனித் தடத்தில் செல்கிறார்கள். அட்டையில் உள்ள சில்லை வண்டி நெருங்கும்போதே படித்து, அதிகாரியின் திரையில் விவரங்கள் தயாராக நிற்கும். இங்கே தொழில்நுட்பத்தைவிடச் சாலையின் வடிவமைப்பு முக்கியம். தனித் தடம் கவுண்டருக்கு 200 மீட்டர் முன்னால்தான் தொடங்குகிறது, பொது வரிசையோ இரண்டு கிலோமீட்டர் நீண்டிருக்கிறது என்றால், அட்டை வைத்திருப்பவரும் மற்றவர்களோடு சேர்ந்து ஊர்ந்துதான் அந்தத் தடத்தின் வாயை அடைய வேண்டும். அட்டைக்குக் கட்டணம் கட்டியவருக்கு மிச்சமாவது கடைசிச் சில நிமிடம் மட்டுமே.

சரக்கு லாரிகளின் கதை வேறு. காரைப் பொறுத்தவரை வினாடிகளை எண்ணினோம். லாரியில் மணிக்கணக்கும் சில எல்லைகளில் நாட்கணக்கும் ஓடும். லாரி நிற்பது பெரும்பாலும் தாளுக்காக. சுங்க அறிக்கை, உரிமம், தாவர நோய்ச் சான்று, காப்பீடு, எடை என்று ஒவ்வொன்றையும் வேறுவேறு அலுவலகம் பார்க்கும். லாரி எல்லையை அடைவதற்கு முன்பே ஆவணங்கள் மின்னணு வடிவில் போய்ச் சேர்ந்து, எதைத் திறந்து பார்ப்பது, எதை அப்படியே அனுப்புவது என்ற முடிவும் எடுக்கப்பட்டிருந்தால், லாரி வந்து நின்ற பிறகு செய்ய வேண்டியது அடையாளத்தை உறுதிசெய்வது மட்டுமே. நாடுகளுக்கிடையே சாலை வழியாகச் சரக்கு கொண்டுசெல்வதற்கான 1975-ஆம் ஆண்டின் டி.ஐ.ஆர். உடன்படிக்கை, முத்திரையிட்ட லாரி இடைவழி நாடுகளில் திறக்கப்படாமல் செல்ல வழி செய்தது. அதை முழுவதும் மின்னணு முறையில் நடத்த இடம் தரும் பதினோராம் இணைப்பு 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இதற்கு நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்பதைப் பார்த்தாலே, தாமதம் கணினியினால் இல்லை என்று புரியும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்று நாடுகளின் வருவாய்த்துறைகள் 2017-இல் தொடங்கிய வட்டாரச் சரக்குக் கண்காணிப்பு அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் கண்டெய்னர் கதவில் பூட்டப்படும் மின்னணு முத்திரை, லாரி இருக்கும் இடத்தையும், பூட்டு திறக்கப்பட்டதா என்பதையும் மூன்று நாடுகளின் கட்டுப்பாட்டு மையங்களுக்கும் தெரிவித்துக்கொண்டே போகும். முன்பெல்லாம் ஒரு நாட்டின் முத்திரையை எல்லையில் கழற்றி, அடுத்த நாடு தன்னுடையதைப் பூட்டும்; கழற்றுவதற்கு ஒரு வரிசை, பூட்டுவதற்கு இன்னொரு வரிசை. இப்போது முதலில் பூட்டியதே சேருமிடம் வரை செல்லுபடியாகிறது. கருவியைவிட, ஒரு நாட்டின் பூட்டை இன்னொரு நாடு நம்ப ஒப்புக்கொண்டதுதான் இதில் பெரிய விஷயம்.

அதே பாடம் ஒற்றை நிறுத்தச் சாவடிகளிலும் தெரிகிறது. சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் இடையிலுள்ள சிருண்டுவில் 2009 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் முதல் ஒற்றை நிறுத்தச் சாவடி தொடங்கியது. ஆற்றின் இருகரையிலும் தனித்தனியே நிற்காமல், போய்ச் சேரும் நாட்டின் பக்கத்தில் ஒரே வளாகத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் அமர்ந்து சோதிக்கிறார்கள். இதற்குக் கட்டடமும் கணினியும் போதாது. ஒரு நாட்டின் அதிகாரி அடுத்த நாட்டின் மண்ணில் உட்கார்ந்து தன் நாட்டுச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம், அபராதம் போடலாம் என்று இரண்டு நாடுகளும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

நாடுகளுக்கிடையே சாதாரணமாகச் சோதனையே இல்லாத ஐரோப்பிய ஒன்றியத்தின் உட்பகுதியில் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே வரிசை இல்லை. தகவல்தான் எல்லையில் நின்றுபோகும். ஒரு நாட்டில் சுரங்கச்சாலை மூடப்பட்டால், 200 கிலோமீட்டர் முன்னால் அடுத்த நாட்டிலேயே லாரிகளைத் திருப்பிவிட வேண்டும். அதற்கு இரு நாட்டுப் போக்குவரத்து மையங்களும் ஒரே வடிவத்தில் செய்தி பரிமாற வேண்டும். இதற்காகவே டேட்டெக்ஸ் 2 என்ற தரம் உருவாக்கப்பட்டது. விபத்து நடந்திருக்கிறது என்று சொல்வது எளிது. எங்கே என்று சொல்வதுதான் கடினம். வானொலி வழியாக வழிகாட்டிக் கருவிகளுக்குச் செய்தி அனுப்பும் பழைய முறையில், ஒவ்வொரு நாடும் தன் சந்திப்புகளுக்குத் தானே எண் கொடுத்து ஓர் இடப்பட்டியல் வைத்திருந்தது. ஒரு நாட்டின் எண்ணைப் பக்கத்து நாட்டுப் பட்டியலில் தேடினால் வேறோர் ஊரைக் காட்டும், அல்லது எதையும் காட்டாது. இப்படி எல்லையில் சந்திக்கும் வேறுபாடுகள் ஏராளம்: வேக அளவு கிலோமீட்டரா மைலா, வண்டி ஓடுவது இடப்பக்கமா வலப்பக்கமா, எண் பலகையில் உள்ள எழுத்து எந்த மொழி, கடிகாரம் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறது. கடைசியாகச் சொன்னதைச் சிறு விஷயம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்கு மாற்றிக் கணக்கிடத் தவறினால், எல்லையைக் கடக்க ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனதாகவோ, புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்ததாகவோ பதிவாகும்.

தொழில்நுட்பம் தயாராக இருந்தும் உடன்பாடு இல்லாமல் நிற்பதற்கு பிரென்னர் கணவாய் நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரியாவையும் இத்தாலியையும் இணைக்கும் அந்த மலைவழியில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சரக்கு லாரிகள் ஓடுகின்றன. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் நெரிசல் எதிர்பார்க்கப்படும் நாட்களில், ஜெர்மனியிலிருந்து வரும் லாரிகளைக் குஃப்ஸ்டைன் அருகே மணிக்கு அதிகபட்சம் 300 என்ற கணக்கில்தான் உள்ளே விடுகிறது. வரிசை ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்குள் நீள்கிறது, அங்குள்ளவர்கள் பொருமுகிறார்கள். 2023 ஏப்ரலில் பவேரியா, டிரோல், இத்தாலியின் தென் டிரோல் ஆகிய மூன்று பகுதிகளின் தலைவர்களும் லாரிகளுக்கு நேர முன்பதிவு முறையைக் கொண்டுவரலாம் என்று கூட்டாக அறிவித்தார்கள். பதிவு செய்யும் மென்பொருளும், எண் பலகையைப் படிக்கும் கேமராவும் எவருக்கும் புதியவை இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் இப்படி ஒரு கட்டுப்பாடு வர மூன்று நாடுகளின் அரசுகளும் ஒப்பந்தம் செய்ய வேண்டும். இத்தாலிய அரசோ ஆஸ்திரியாவின் லாரிக் கட்டுப்பாடுகளுக்கு எதிராக 2024-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தை நாடியது. யாருடைய லாரி முதலில், யாருடைய ஊரில் புகை என்ற கேள்விக்குக் கேமராவிடம் விடை இல்லை.

இனி நேயரின் இரண்டாவது கூறுக்கு வருகிறேன். உங்கள் வண்டியைப் பற்றித் திரட்டப்படும் விவரங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெரிசலை அளப்பதற்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டிய தேவை இல்லை. இங்கே தெரிந்த வண்டியும் அங்கே தெரிந்த வண்டியும் ஒன்றுதானா என்பது போதும். எனவே ஒழுங்காக அமைந்த அமைப்பில், புளூடூத் அடையாளமோ வண்டி எண்ணோ பதிவாகும்போதே திரும்ப அவிழ்க்க முடியாத குறியீடாக மாற்றப்பட்டு, அந்தக் குறியீட்டை உருவாக்கும் மறைச்சொல்லும் நாள்தோறும் மாற்றப்படும். நேற்று வந்த வண்டிதான் இன்றும் வந்தது என்று இணைக்க அப்போது வழியிருக்காது. மறைச்சொல் சேர்க்காமல் வெறும் குறியீடாக மாற்றினோம் என்று சொல்வது போதாது. ஒரு நாட்டில் வழங்கக்கூடிய வண்டி எண்கள் எல்லாவற்றையும் ஒரு கணினி விரைவிலேயே குறியீடாக மாற்றி ஒப்பிட்டு, மூல எண்ணைக் கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு வகை, சட்டத்தை நிறைவேற்றத் திரட்டப்படுவது. அதற்கு நீங்கள் யார் என்பது தெரிந்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ஆம் ஆண்டின் நெறிமுறையின்படி, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல் உள்ளிட்ட எட்டுக் குற்றங்களுக்கு, குற்றம் நடந்த நாடு, வண்டி பதிவான நாட்டிடமிருந்து உரிமையாளரின் விவரத்தைப் பெற முடியும். ஊர் திரும்பிய பிறகு வெளிநாட்டு அபராதக் கடிதம் வீடு தேடி வருவது இதனால்தான். என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது இந்த இரண்டு வகைகளும் ஒரே கேமராவில் கலக்கும்போது. நெரிசலை அளக்க என்று வைத்த கேமராவின் பதிவுகள், பிறகு யாருடைய உத்தரவின் பேரில் வேறு நோக்கத்துக்குப் பயன்படலாம், எத்தனை நாள் சேமிக்கப்படும், மறுபக்க நாட்டுக்குப் போய்விட்டால் எந்த நாட்டுச் சட்டம் அதை ஆளும் என்பவை திட்டம் தொடங்கும் முன்பே இரு நாட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காத்திருப்பு நேரம் காட்டும் தனியார் செயலிகள் பல, உங்கள் கைப்பேசியின் இருப்பிடத்தை வைத்துத்தான் மற்றவர்களுக்கு அந்த நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. இருப்பிட அனுமதியைச் செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்று அமைத்துவிட்டால், சாவடியைக் கடந்து செயலியை மூடிய பிறகு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கவுண்டரில் வண்டி எண்ணும் பயண ஆவணமும் பதிவாவதை மட்டும் இப்படித் தவிர்க்க முடியாது.